சொந்தச் சுவரில் எழும்பும் கொழுந்து

லயத்துக் காம்பராவை விட்டுத் தனி வீட்டுக்குக் குடிபோகும் மலையகக் குடும்பங்கள் முதலில் அழகுபடுத்த நினைப்பது முன்காம்பராச் சுவரைத்தான். ஒட்டும் நுரைத்தாள் முதல் சுதை வேலை வரை, வலப்பனையின் ஈரத்துக்கும் மண்ணுக்கும் எது ஒத்துவரும்?

நுவரெலியா மாவட்டத்து வலப்பனை, இராகலை, உடப்புசல்லாவைப் பக்கத்து ஹாட்வெயார் கடைகளில் பெயின்ட் வாளிகளுக்கு அருகே சுருள் சுருளாக அடுக்கியிருக்கும் நுரைத்தாளைப் பார்க்காதவர்கள் இப்போது குறைவு. செங்கல் கட்டினாற்போல ஒன்று, கருங்கல் பதித்தாற்போல ஒன்று, பூவும் கொடியும் புடைத்து நிற்பதாக இன்னொன்று. பின்பக்கத்துக் கடதாசியை உரித்து அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். ‘த்ரீ டி ஸ்டிக்கர்’ என்று கேட்டாலே எடுத்துப் போடுவார்கள். தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வரும் பிள்ளைகளின் பையில் உடுப்புகளோடு இதுவும் ஒரு சுருள் வரும். டிவி வைக்கும் சுவருக்கு, சாமித் தட்டுக்குப் பின்னால், கட்டிலின் தலைமாட்டுக்கு என்று இடம் பார்த்து ஒட்டுகிறார்கள். கொஞ்சம் வசதி இருந்தால் பி.வி.சி. பலகை, ஜிப்சம் வார்ப்பு, டெக்ஸ்சர் பெயின்ட் என்று செலவு ஏறும்.

மேடும் பள்ளமுமான சுவர் ஒரு வீட்டுக்கு உயிர் தருகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தட்டையான படத்தைக் கண் பார்த்துவிட்டுப் போய்விடும். புடைத்து நிற்பதைக் கையும் தேடும். காலை வெயிலில் அதற்கு ஒரு முகம், இரவு விளக்கில் வேறொரு முகம். வீட்டு அலங்காரத்தில் ஈடுபாடுள்ளவர்கள் எங்கும் இந்தப் பக்கம் திரும்பியிருப்பதற்கு இதுதான் காரணம். மலையகத்தில் இந்த ஆசைக்கு இன்னொரு வேரும் உண்டு. அதைச் சொல்லாமல் நுரைத்தாளைக் குறை சொல்ல வருவது நியாயமாகாது.

தோட்டத்துச் சுவர்

1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். கோப்பியை இலைத்துரு நோய் அழித்த பிறகு மலைநாடு முழுவதும் தேயிலை ஏறியது. கோப்பிக் காலத்தில், பருவத்துக்கு வந்து திரும்பிப் போகும் ஆட்களுக்கென்று போட்ட லயத்தின் அமைப்பே, வந்து நிலைத்துவிட்ட தேயிலைத் தொழிலாளருக்கும் வீடானது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு, மேலே தகரம். அதற்குள்ளேயே அடுப்பு, பிள்ளைப்பேறு, கல்யாணம், சாவு எல்லாம். சுவரோ தோட்டத்துக்குச் சொந்தம். தோட்டத்தில் பேர் இருக்கும் வரைக்கும்தான் குடியிருக்கலாம் என்ற நிலையில், பக்கத்துக் காம்பராவுக்கும் பொதுவான அந்தச் சுவரில் ஆசைப்பட்டு ஒன்றைச் செய்து வைக்க யாருக்கு மனம் வரும்?

ஆனாலும் செய்தார்கள். கோதுமை மாவில் பசை காய்ச்சி வீரகேசரியையும் தினகரனையும் ஒட்டினார்கள். அடுப்புப் புகையில் தாள் பழுப்பேறினால் அதன்மேல் புதுத்தாள். முருகன் கலண்டர், எம்.ஜி.ஆர். படம், பிள்ளை பரீட்சையில் வாங்கிய சான்றிதழ். பண்டிகைக்கு முன் சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலந்து அடித்தார்கள். மண்ணும் சாணமும் குழைத்து அடுப்புப் போட்டு, அதன் ஓரத்தை வழித்து வழித்து வளைவாக்கினார்கள். அந்த அடுப்பைக் கவனித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஈர மண்ணில் எவ்வளவு தண்ணீர் இருந்தால் வெடிக்காது, எந்த நேரத்தில் உள்ளங்கையால் அழுத்தினால் மழமழப்பு வரும் என்பதெல்லாம் லயத்துப் பெண்களின் விரலுக்குத் தெரிந்த கணக்கு. புடைப்பு வேலைக்கு வேண்டிய முதல் பாடமும் அதுதான்.

இப்போது நிலைமை மெல்ல மாறுகிறது. இந்திய அரசின் உதவியோடு பெருந்தோட்டங்களில் 4,000 வீடுகள் கட்டும் திட்டம் வந்தது. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த பிரதமர் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். 7 பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடி வீடு. சீமெந்துக் கல் சுவர், இரண்டு அறை, ஒரு ஹோல், தனிக் குசினி. இன்னும் பெரும்பாலானோர் லயத்தில்தான் இருக்கிறார்கள் என்பதையும், கட்டிய வீட்டுக்கு உறுதிப் பத்திரம் கையில் வரக் காத்திருப்பவர்கள் உண்டு என்பதையும் மறக்க முடியாது. 1823இலிருந்து கணக்கெடுத்து ‘மலையகம் 200’ என்று 2023இல் நினைவுகூர்ந்தோம். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தும் காட்டினோம். அவ்வளவு காலத்துக்குப் பிறகு ஒரு குடும்பத்துக்கு நான்கு பக்கமும் தனக்கே உரிய சுவர் கிடைக்கும்போது, அதை வெறுமனே விட அவர்களுக்கு மனம் வராது. நுரைத்தாள் சுருளுக்குப் பின்னால் இருப்பது இந்த மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சிக்குத் தகுந்த பொருள் அதுதானா என்பதே என் கேள்வி.

நுரைத்தாளுக்குப் பின்னால்

வலப்பனைப் பிரதேசம் ஒரே தட்டில் இல்லை. மேலே இராகலை, ஹைபொரஸ்ட் பக்கம் பனியும் குளிரும். கீழே இறங்க இறங்க வயல் தட்டுகளும் வெக்கையும். உடப்புசல்லாவைச் சரிவுகளுக்கு வடகீழ்ப் பருவமழைதான் பெரிய மழை. கார்த்திகை, மார்கழியில் துணி காய நாள்கணக்கில் ஆகும். அந்த நாட்களில் வீட்டுக்குள் நான்கைந்து பேரின் மூச்சு, சோற்றுப் பானையின் ஆவி, கொடியில் தொங்கும் ஈரத்துணி எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்குச் சில லீற்றர் தண்ணீரைக் காற்றில் கலக்கின்றன. அந்த ஆவி குளிர்ந்த சுவரைத் தொட்டதும் நீராகிறது. சாதாரணச் சாந்துச் சுவர் அதைக் குடித்து வைத்திருந்து, வெயில் வரும்போது வெளியே விட்டுவிடும்.

அந்தச் சுவரின் மேல் மூடிய நுரைத்தாளை ஒட்டினால் இந்தப் போக்குவரத்து நின்றுவிடுகிறது. தாளின் விளிம்பு வழியாக உள்ளே போகும் ஆவியும், அடித்தளத்திலிருந்து சுவர் வழியாக ஏறும் ஈரமும் வெளியேற வழியில்லாமல் நடுவில் தங்கிவிடும். இரண்டு மழைக்காலம் போனபின் ஒரு மூலையைப் பிடித்து உரித்துப் பாருங்கள். பசை பழுப்பாகக் கசியும், பெயின்ட் படலம் தாளோடு சேர்ந்து வரும், சுவரில் கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சணம் படர்ந்திருக்கும். அதற்குமேல் அந்த மணம். இழுப்பு உள்ள பிள்ளை அந்தச் சுவரோரம் கட்டிலில் படுத்திருந்தால் என்ன ஆகும் என்று மருத்துவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நெருப்பு இன்னொரு பயம். இந்தத் தாள்களில் பெரும்பாலானவை பொலித்தீன் நுரை. தீப்பட்டால் உருகிச் சொட்டிக்கொண்டே எரியும். சாமித் தட்டுக்குப் பின்னால் ஒட்டிவிட்டு முன்னால் விளக்கேற்றுகிறோம். விறகடுப்பு எரியும் குசினியிலும் ஒட்டுகிறோம். ரிஜிஃபோம் அலங்காரத்துக்கும் இதே ஆபத்து உண்டு. ஜிப்சம் எரியாது, ஆனால் ஈரம் குடித்தால் நொந்துபோகும். கொழும்பு வீட்டுக்குப் பொருந்துவது நுவரெலியா மாவட்டத்துக்கும் பொருந்தும் என்று கடைக்காரர் சொல்வதை நம்பிவிடக் கூடாது.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது விரிசல். 2007 ஜனவரியில் வலப்பனையிலும் ஹங்குராங்கெத்தையிலும் மண் சரிந்து உயிர்களையும் வீடுகளையும் கொண்டுபோனது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களே மண்ணுக்குள் போயின. மண் நகரத் தொடங்கினால் வீடு முதலில் சொல்லும். சுவரில் புது வெடிப்பு, அகன்றுகொண்டே போகும் பழைய வெடிப்பு, திடீரென்று இறுகிக்கொள்ளும் கதவு யன்னல், முற்றத்தில் பிளவு, சாய்ந்து நிற்கும் மரம், கலங்கலாகப் பாயும் ஊற்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழைக்கு எச்சரிக்கை விடுக்கிறது. 100ஐத் தாண்டினால் ஆயத்த நிலை, 150ஐத் தாண்டினால் வெளியேறச் சொல்கிறது. ஆனால் நடு இரவில் அறிவித்தல் வந்து சேருமுன் கண்ணில் படக்கூடியது சுவர்தான். அந்தச் சுவரைத் தரையிலிருந்து கூரை வரை பலகையாலோ தாளாலோ மூடிவைப்பது, காவலுக்கு நிற்பவரின் வாயைப் பொத்துவதைப் போல. வெடிப்பு அசிங்கமாக இருக்கிறது என்று அதன்மேல் தாள் ஒட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: அலங்காரம் எதுவானாலும் செய்யுங்கள், வெடிப்பை மட்டும் மறைக்காதீர்கள். முதலில் அதன் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். அது வளர்ந்தால் கிராம சேவகரிடம் போங்கள்.

சோனாபாயின் வீடு

சுவருக்கு அலங்காரம் கடையிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை என்று சொல்ல, சோனாபாய் ரஜ்வாரின் வாழ்க்கையைவிட வலுவான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை. இந்தியாவின் சத்தீஸ்கரில், சர்குஜா மாவட்டத்தில் புஹ்புத்ரா என்றொரு கிராமம். விவசாயக் குடும்பம். கணவர் அவரை ஆண்டுக்கணக்கில் வீட்டைவிட்டு வெளியே விடவில்லை. அக்கம்பக்கத்துப் பேச்சில்லை, சந்தையில்லை, திருவிழாவில்லை. இருந்தவை மண்சுவரும், முற்றத்து மண்ணும், மூங்கிலும்.

மகனுக்கு விளையாட்டுப் பொருள் வேண்டும் என்று களிமண்ணில் உருவம் பிடித்தார். பிறகு அது சுவரேறியது. குருவி, கிளி, குரங்கு, பாம்பு, குழலூதும் கிருஷ்ணன், கை கோத்து ஆடும் பெண்கள். எல்லாம் சுவரிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டி நிற்கும். வெயிலைத் தடுக்க ஒரு மறைப்பு வேண்டியிருந்தது. மூங்கிலைச் சிம்பாகக் கிழித்து வளையமாக வளைத்து, வளையத்தோடு வளையம் கட்டி, அதன்மேல் மண் பூசி வெள்ளையடித்தார். வட்ட வட்டத் துவாரங்களுள்ள அந்தச் சாளரத்தின் ஒவ்வொரு கண்ணிலும் ஒரு பறவையை உட்கார வைத்தார். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அப்படியொன்றை அவர் வேறெங்கும் பார்த்ததுமில்லை. நிறத்துக்குச் சமையலறைச் சரக்கும் இலையும் நிற மண்ணும். 1983இல் போபாலின் பாரத் பவனைச் சேர்ந்தவர்கள் அந்த வீட்டைத் தேடி வந்தபோதுதான் வெளியுலகம் அதைக் கண்டது. தேசிய விருது வந்தது. 2007இல் அவர் இறந்தபோது, அந்தப் பகுதியில் பலர் அவர் வழியில் சுவர் செய்யப் பழகியிருந்தார்கள்.

அவருடைய துயரத்தை நான் அழகாக்கிப் பேச வரவில்லை. ஒரு பெண்ணை அடைத்து வைத்தது கொடுமை, அவ்வளவுதான். நான் பார்ப்பது அவர் கையாண்ட பொருளை. கொல்லையில் கிடைத்ததைக் கொண்டு, தன் கண்ணுக்குத் தெரிந்ததைச் செய்தார். அதனால் அந்த வீடு வேறு யார் வீட்டையும் போல இல்லை. செங்கல் படம் அச்சிட்ட நுரைத்தாள் வலப்பனையில் ஒட்டினாலும் துபாயில் ஒட்டினாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

கோபுரத்தில் இருக்கும் கை

நம்மிடம் இந்தக் கலை இல்லாமலில்லை. தலையை நிமிர்த்தினால் தெரியும். மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலின் 108 அடி இராஜகோபுரத்தில் நிற்கும் உருவங்கள் எல்லாம் சுதை வேலை. சீதா எலிய சீதையம்மன் கோவிலுக்கு 2024 மே மாதம் குடமுழுக்கு நடந்தபோது ஊரே அண்ணாந்து பார்த்தது. இராகலையிலிருந்து ஹட்டன் வரை தோட்டத்துக்குத் தோட்டம் மாரியம்மன் கோவில் முகப்பில் புடைப்பாக ஒரு சிங்கமோ யாளியோ இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஸ்தபதிகளோடு சாரத்தில் ஏறிச் சாந்து குழைத்துக் கொடுத்த நம் இளைஞர்களும் அந்த வேலையைப் பார்த்துப் பழகியிருக்கிறார்கள். கோவில் வேலை முடிந்தால் அவர்கள் மறுபடி கொழும்புக்கு மேசன் வேலைக்குப் போகிறார்கள். அந்தக் கைத்திறனுக்கு வீடுகளில் இடமிருக்கிறது என்று நாம் நினைத்துப் பார்த்ததேயில்லை.

சுதை என்றால் பழைய முறையில் சுண்ணாம்பு, மணல், கடுக்காய் ஊறிய நீர், வெல்லம். செட்டிநாட்டில் சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் சேர்த்து அரைத்து, கண்ணாடிபோல இழைத்த சுவர்கள் இன்றும் நிற்கின்றன. தஞ்சாவூர் ஓவியத்தில் சுண்ணாம்புக்கல் பொடியையும் கோந்தையும் குழைத்து நகையைப் புடைப்பாக்கி, அதன்மேல் தங்கத் தாள் ஒட்டுவதும் இதே குடும்பம்தான். மாமல்லபுரத்து அரசு சிற்பக் கல்லூரி 1957இல் தொடங்கியது. கல், உலோகம், மரத்தோடு சுதையும் அங்கே பாடம். அதே மாமல்லபுரத்தின் பெரும்பாறையில் 7ஆம் நூற்றாண்டில் செதுக்கிய புடைப்புச் சிற்பத்தை ‘அருச்சுனன் தபசு’ என்கிறார்கள். அந்தக் கதையை நம் தோட்டங்களில் கூத்தாக ஆடுகிறோம். அருச்சுனன் வேடக்காரர் கம்பத்தில் ஏறும்போது கீழே நிற்கும் கூட்டம் மூச்சுவிடாமல் பார்க்கும். அந்தக் கம்பமும் அந்தக் கூட்டமும் ஏன் ஒரு வீட்டின் முன்காம்பராச் சுவரில் எழும்பக் கூடாது? காமன் கூத்தின் ரதி மன்மதனும் அப்படித்தான். நமக்கென்று இத்தனை உருவங்கள் இருக்கின்றன.

கட்டடத்தோடு சேர்ந்தே பிறக்கும் சுவர்க் கலைக்கு இலங்கையில் இன்னொரு நல்ல உதாரணமும் உண்டு. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா வடிவமைத்த காலி லைட்ஹவுஸ் ஹோட்டலின் சுழல் படியில், 1630இல் ரந்தெனிவெலவில் போர்த்துக்கேயரோடு நடந்த போரை லக்கி சேனாநாயக்க உலோகச் சிற்பங்களாக நிறுத்தினார். படி ஏற ஏறப் போர் நம்மைச் சுற்றி வருகிறது. அது பணக்கார ஹோட்டல்தான். ஆனால் இடத்தைப் பார்த்து உருவத்தைத் தீர்மானிப்பது ஒரு காம்பராவுக்கும் ஆகிற வேலை.

சுவரில் ஒரு கொழுந்து

எப்படிச் செய்வது என்று கேட்பவர்களுக்காக ஒன்றை விரிவாகச் சொல்கிறேன். இரண்டு இலையும் ஒரு மொட்டுமான கொழுந்து, மூன்றடி உயரத்துக்கு.

சுவர் சீமெந்துக் கல்லில் கட்டிச் சாந்து பூசியதாக இருக்க வேண்டும். பூசி நான்கு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். பலகை மறிப்பிலோ ஷீட் மறிப்பிலோ இதைச் செய்யக் கூடாது. ஒரு சதுர மீற்றரில் ஓர் அங்குலக் கனத்துக்குச் சாந்து ஏற்றினால் ஏறத்தாழ 50 கிலோ பாரம். முதலில் கரித்துண்டால் கொழுந்தை வரையுங்கள். கோட்டுக்குள் இருக்கும் இடத்தை மட்டும் உளியால் கொத்தி, பெயின்ட் இருந்தால் சுரண்டி, தண்ணீர் அடித்து ஊறவிட்டு, சீமெந்துப் பால் தடவுங்கள். மொட்டு அங்குலத்துக்கு மேல் வெளியே வர வேண்டுமென்றால் துருப்பிடிக்காத ஆணியை அங்கங்கே அடித்து, கல்வனைஸ் கம்பியைச் சுற்றி, கோழிக்கூட்டு வலையில் ஒரு துண்டைக் கட்டுங்கள். சாதாரணக் கட்டுக்கம்பி வேண்டாம். மலைநாட்டு ஈரத்தில் துரு கசிந்து சில வருடத்தில் இலையின் மேல் பழுப்புக் கோடு விழும்.

கலவை ஒரு பங்கு சீமெந்து, ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு அரித்த மணல். சுண்ணாம்பு சேர்த்தால் சாந்து மெதுவாக இறுகும். கைக்கு நேரம் கிடைக்கும், வெடிப்பும் குறையும். ஒரே தடவையில் அப்பக் கூடாது. அரை அங்குலத்துக்கும் குறைவாக ஒரு படை. அது இறுகியதும் மேலே கீறிவிட்டு அடுத்த படை. கடைசிப் படைக்குச் சுண்ணாம்பும் பொடி மணலும் கூட்டி, சீமெந்தைக் குறைத்துக்கொள்ளலாம். செதுக்கப் பெரிய ஆயுதம் வேண்டாம். தேய்ந்த கரண்டி, சீவிய மூங்கில் சிம்பு, மழுங்கிய கத்தி போதும்.

இங்கேதான் கொழுந்து பறித்தவர்களின் கண் வேலை செய்யும். தேயிலையின் ஓரம் வாள்பல்லாக இருக்கும், ஆனால் காம்பை நெருங்கும்போது பல் மறைந்துவிடும். நடு நரம்பிலிருந்து பிரியும் கிளை நரம்புகள் ஓரத்தைத் தொடாமல் வளைந்து ஒன்றையொன்று தொடும். மொட்டு ஒரு பக்கமாக முறுக்கிச் சுருண்டிருக்கும். படத்தைப் பார்த்துச் செய்கிறவர் இவற்றைத் தவறவிடுவார். முப்பது வருடம் மலையில் நின்ற அம்மா தவறவிடமாட்டார். பின்னணிக்கு இன்னொரு வழியும் உண்டு. கடைசிப் படை ஈரமாக இருக்கும்போதே முற்றிய நிஜ இலையின் அடிப்பக்கத்தைச் சாந்தின்மேல் வைத்துப் போத்தலால் மெல்ல உருட்டி எடுங்கள். நரம்பு புடைத்திருப்பது அடிப்பக்கத்தில்தான் என்பதால் ஒவ்வொரு இழையும் பதிந்து கிடக்கும்.

முடித்தபின் ஒரு வாரம் ஈரச் சாக்குப் போட்டு மெல்ல இறுக விடுங்கள். அவசரப்பட்டு எனாமல் பெயின்ட் அடிக்காதீர்கள். சுவர் மறுபடி மூச்சடைத்துப் போகும். சுண்ணாம்பு அடித்தால் அதன் காரம் பூஞ்சணத்தையும் அண்டவிடாது. பச்சை நிறம் அவசியமென்று எனக்குத் தோன்றவில்லை. சுவரின் நிறத்திலேயே விட்டால் நிழல்தான் நிறமாகும்.

வெளிச்சம் அதில் பாதி வேலை. புடைப்பு தெரிவது நிழலால். பனி மூடிய இராகலைப் பகலில் வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் பரவுகிறது. ஆகவே மெல்லிய புடைப்பு தட்டையாகிவிடும். எகிப்தியர் சுட்டெரிக்கும் வெயிலில் நிற்கும் வெளிச்சுவர்களுக்கு உருவத்தை உள்ளே குழித்துச் செதுக்கினார்கள். அங்கே வெயில் அவ்வளவு கூர்மை. நமக்கு எதிர்ப்பாடம்: புடைப்பைத் துணிந்து வெளியே கொண்டுவர வேண்டும். யன்னலுக்கு நேரெதிர்ச் சுவரை விட்டு, யன்னல் பக்கவாட்டில் வரும் சுவரைத் தேர்ந்தெடுங்கள். இரவுக்கு, சுவரை ஒட்டி மேலேயோ பக்கத்திலேயோ ஒரு சிறு எல்.இ.டி. போதும். முன்னாலிருந்து அடிக்கும் டியூப் லைட் எல்லா நிழலையும் அழித்துவிடும். விறகடுப்புச் சுவரில் இதைச் செய்யாதீர்கள். பள்ளத்தில் புகைக்கரி உட்கார்ந்தால் எடுக்க முடியாது.

சாந்து குழைக்க முடியாதவர்களுக்கு மலையில் வேறு பொருளும் கிடைக்கிறது. கவ்வாத்து வெட்டியபின் விறகுக்குக் கட்டிக்கொண்டு வரும் மிலாறில் எத்தனை முறுக்கு, எத்தனை கணு! தேயிலை வேரிலும் அடிமரத்திலும் மேசைக்கால் செய்து சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கிறார்கள். அதையே பட்டை நீக்கி, நன்றாகக் காயவைத்து, பூச்சி மருந்து தடவி, பலகைச் சட்டத்துக்குள் அடுக்கிச் சுவரில் தொங்கவிடலாம். சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் சிறு கட்டை வைத்து அரை அங்குலம் இடைவெளி விட்டால் காற்று ஓடும், சுவரையும் எட்டிப் பார்க்கலாம். ஹட்டனைச் சேர்ந்த ஓவியர் ஹனுஷா சோமசுந்தரம் குடித்துப் போட்ட தேயிலைப் பைகளையே தம் படைப்புக்குப் பொருளாக்கியிருக்கிறார். தேயிலைக் கறையில் தோட்டப் பெண்களின் வாழ்க்கையைப் பார்க்க வைத்த கை அது. பழைய கொழுந்துக் கூடையும் மட்டக் கம்பும் கவ்வாத்துக் கத்தியும் அப்படியே ஒரு சுவரில் ஏறினாலும் எனக்குச் சம்மதம்தான். ஆனால் அவற்றைத் தோளில் சுமந்தவர் இன்னும் வீட்டில் இருந்தால், அவரிடம் கேட்டுவிட்டு ஏற்றுங்கள். சிலருக்கு அது பெருமை, சிலருக்கு அது தினமும் பார்க்க விரும்பாத பாரம்.

இதை ஒரு தொழிலாகவும் பார்க்க வேண்டும். மாத்தளை அலுவிகாரையில் எனா டி சில்வா கிராமத்துப் பெண்களையும் ஆண்களையும் சேர்த்து பத்திக், மரவேலை, பித்தளை வேலை என்று நடத்திய கூடம் உலகப் பெயர் பெற்றது. அதற்கு வேண்டியிருந்தது நல்ல கண்ணும் ஒழுங்கான சம்பளமும்தான். வலப்பனையில் மேசன் வேலை தெரிந்த இளைஞர்கள் இருக்கிறார்கள். மண்ணில் அடுப்புப் போட்ட தாய்மார் இருக்கிறார்கள். சித்திரம் படித்துவிட்டு வேலை தேடும் பட்டதாரிகளும் இருக்கிறார்கள். மூன்று தரப்பையும் ஒரு சுவரின் முன் நிறுத்தப் பிரதேச சபையோ தோட்டத்துச் சனசமூக நிலையமோ முன்வந்தால் போதும். முதல் வேலையை யாருடைய வீட்டிலும் தொடங்க வேண்டியதில்லை. முன்பள்ளிச் சுவர் இருக்கிறது. பிள்ளைகள் தடவிப் பார்த்துத் தேய்க்கத் தேய்க்க எது நிலைக்கும், எது உதிரும் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

காலமும் பார்க்க வேண்டும். மழை ஓய்ந்து, பனி குறைந்து, மாசியில் காமன் கம்பம் நடும் நாட்களில் இந்தப் பக்கத்துச் சுவர்கள் ஓரளவு உலர்ந்திருக்கும். சாந்து இறுக அதுவே நல்ல பருவம். சுண்ணாம்பை அதற்கு ஒரு மாதம் முன்பே தண்ணீரில் ஊறப் போட்டுவிடலாம்.